ஓரம் பிடிக்கிறவள்

நகராட்சி லாரியில் அவளை எல்லோரும் ஓரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தச் சுவருக்கு வெள்ளையடிக்கப் போனாலும் முதலில் சின்ன பிரஷ்ஷை எடுத்து ஓரம் பிடிப்பாள். ஜன்னலைச் சுற்றி, கதவு நிலையைச் சுற்றி, மீட்டர் பெட்டியைச் சுற்றி, விரலகலத்துக்கு ஒரு கோடு. கோட்டின் இரண்டு முனையும் சேர்ந்த பிறகுதான் ரோலரைத் தொடுவாள். கோட்டுக்கு வெளியே ஒரு சொட்டுப் போகாது.

"சுவருக்கு மை தீட்டி முடிச்சாச்சா?" என்று மேஸ்திரி கேட்பார். "பொண்ணு பாக்க வந்தவங்க வாசல்ல நிக்கிறாங்க."

"நிக்கட்டும். கோணல் மூக்கோட கட்டிக் குடுக்க முடியுமா?" என்பாள் திரும்பிப் பார்க்காமல்.

கல்யாணத்துக்கு முன்னால் கட்டட வேலையில் மணல் சுமந்தாள். ஒரு வீட்டில் ஜன்னல் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது. கம்பிகளுக்கு நடுவே நுழைகிற கை அங்கே அவளுக்கு மட்டும்தான் இருந்தது. பிரஷ்ஷைக் கொடுத்தார்கள். அதன் பிறகு அவள் மணல் சட்டியைத் தூக்கவில்லை.

கணவரைப் பார்த்ததும் ஒரு ஜன்னல் வழியாகத்தான். உள்ளே நின்று கம்பிக்கு அடித்துக்கொண்டிருந்தாள். வெளியே கொல்லைப்புறத்தில் ஒருவர் முக்காலி போட்டு உட்கார்ந்து அந்த வீட்டு நாற்காலிக்குப் பிளாஸ்டிக் வயர் பின்னிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்.

"ரொம்ப நேரமா ஒரே கம்பியத் தடவுறீங்க. அதுக்குக் கூச்சமா இருக்கப் போகுது."

"உங்க மூணாவது வரிசை தளர்ந்திருக்கு. முதல்ல அதப் பாருங்க."

குனிந்து பார்த்தார். தளர்ந்துதான் இருந்தது. பின்னியதையெல்லாம் பிரித்து மறுபடி முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தார். அப்படிப் பிரித்தவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் சைக்கிளில் தெருத்தெருவாகப் போவார். பின்னல் அறுந்த நாற்காலியை வாங்கி அந்த வீட்டு வாசலிலோ எதிர்ச் சுவரோரமோ உட்கார்ந்து பின்னிக் கொடுப்பார். இரும்புச் சட்டம் துருப்பிடித்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கறுப்பு எனாமல் அடிப்பார். முடியாத வேலையை வீட்டுக்குக் கொண்டுவருவார். அவர்களுடைய வீட்டில் ஒரு அறை, ஒரு சமையலறை. உத்தரத்தில் கொக்கிகள். கொக்கிகளில் ஊரார் நாற்காலிகள். மூன்றாவது ஆளாக அவருடைய தங்கை. துணிக்கடையில் வேலை பார்த்தாள். வாய் கொஞ்சம் நீளம்.

"ஊர்ல இருக்கிறவங்க உட்கார நம்ம வீட்ல எல்லாம் தொங்குது," என்பாள். "நாம உட்காரத் தரை இருக்கு. அதுவும் அண்ணி கூட்டின பிறகுதான்."

அவருக்கென்று இருந்தது அந்த முக்காலி ஒன்றுதான். வேலையில் மிஞ்சிய வயர்த் துண்டுகளால் பின்னியது. பச்சை, சிவப்பு, மஞ்சள், எந்த ஒழுங்கும் கிடையாது. ஒரு கால் குட்டை. அதன் அடியில் தேய்ந்த செருப்பின் அடிப்பாகத்தை வெட்டி ஆணியடித்திருந்தார்.

அப்போது நிலைமை சரியில்லாமல் போயிருந்தது. யாரும் அதற்கு வேறு பெயர் சொல்லவில்லை. நிலைமை என்றார்கள். தெரு முனைகளில் மணல் மூட்டை அடுக்கினார்கள். ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த ஐஸ் ஃபேக்டரி முகாம் ஆனது. அங்கிருந்து ஒரு வண்டி வரும். வருகிற வீட்டில் ஓர் ஆண் குறைவார். விசாரிக்கப் போனால், இங்கே அப்படி யாரும் வரவில்லையே என்பார்கள். இரண்டாம் முறை விசாரிக்கப் போனவர்கள் குறைவு.

அந்த வருஷங்களில் யாரும் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. சுவரில் எழுதுவது மட்டும் நடந்தது. நகராட்சி ஒரு லாரி போட்டது. மேஸ்திரி, டிரைவர், அவள். சுவரில் என்ன எழுதியிருந்தாலும் காலையில் போய் அழிக்க வேண்டும். எழுத்து அழிப்பது சுலபம். வரியைச் சுற்றி ஒரு பெட்டி பிடித்து ரோலரை ஓட்டினால் முடிந்தது. எழுதியிருப்பதைப் படிக்காமல் அழிக்க அவள் பழகியிருந்தாள்.

பிறகு நாற்காலிகள் வந்தன.

முதல் நாற்காலி, மின்சார வேலை செய்தவரின் வீட்டுக்கு எதிர்ச் சுவரில். அவரைக் கொண்டுபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. கறுப்புப் பெயிண்ட். நிஜ நாற்காலியின் அளவு. கால்கள் மட்டும் கொஞ்சம் நீண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. மேலே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. கீழே ஒரு எழுத்து இல்லை. அந்தச் சந்தில் இருந்தவர்களுக்கு எழுத்துத் தேவைப்படவில்லை.

மேஸ்திரி லாரியிலிருந்து இறங்காமலே பார்த்தார். "இது என்ன, யாரோ ஃபர்னிச்சர் கடை போட்டிருக்கான்."

அவள் இறங்கினாள். சின்ன பிரஷ்ஷை எடுத்தாள். எழுத்தென்றால் பெட்டி. இது பொருள். முதுகுச் சட்டத்திலிருந்து ஆரம்பித்து, கைப்பிடி வளைவில் இறங்கி, ஒவ்வொரு காலாகச் சுற்றி ஓரம் பிடித்தாள். உள்ளே இரண்டு கை வெள்ளை அடித்தாள். கறுப்பு துளியும் தெரியவில்லை. தள்ளி நின்று பார்த்தாள். சுத்தமான வேலை.

வாளியில் பெயிண்ட் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. மேஸ்திரிக்குச் சந்தோஷம். "இப்படி அடிச்சா ஒரு வாளிய வெச்சு ஒரு மாசம் ஓட்டலாம். ஆபீஸ்ல எனக்குச் சிலை வெப்பாங்க."

"வெச்சா நான்தான் அழிக்கணும்," என்றாள்.

அடுத்தடுத்து வந்தன. பள்ளிக்கூடக் காவல்காரர் உட்காரும் கை இல்லாத நாற்காலி. முதுகில் துண்டு தொங்கும் ஒன்று. ஆபீஸ் கிளார்க் வீட்டின் சாய்வு நாற்காலி. எல்லாம் ஆள் போன வீட்டுக்குப் பக்கத்துச் சுவரில். எல்லாம் காலி. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் அவள் பொறுமையாக ஓரம் பிடித்தாள்.

ஒரு நாள் லாரி தையல்காரர் வீட்டுச் சந்தில் நின்றது. அவளுடைய நாத்தனாரைக் கட்டிக்கொள்ளப் பேசி வைத்திருந்தவர் அந்தத் தையல்காரர். கடையை மூடிக்கொண்டிருந்தபோது வண்டி வந்தது. அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நாத்தனாரின் வாய் மட்டும் முன்னைவிட நீண்டிருந்தது.

சுவரில் தையல்காரர் மெஷின் முன்னால் போட்டு உட்காரும் நாற்காலி இருந்தது. அவள் முதுகிலிருந்து ஓரம் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்னங்காலில் பாதி இறங்கியபோது பிரஷ் நின்றது. காலின் நடுவில் ஒரு புடைப்பு. பாம்பு எலியை விழுங்கிய மாதிரி. அந்தப் புடைப்பை அவளுக்குத் தெரியும். உடைந்த காலுக்குள் வேறொரு குழாயைச் செருகி வயரால் சுற்றி இறுக்கி மேலே எனாமல் பூசினது. அவள் வீட்டுச் சமையலறை வாசலில் கணவர் உட்கார்ந்து பூசினது. அவள்தான் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சுவரை முகர்ந்து பார்த்தாள். எனாமல். வீட்டில் தினமும் முகர்கிற வாசனை. இத்தனை நாள் லாரியில் ஏறும்போது தன் சேலையிலிருந்து வருகிறது என்று நினைத்திருந்தாள்.

கை தானாக வேலையை முடித்தது. தள்ளி நின்றபோது பக்கத்தில் தையல்காரரின் அம்மா வந்து நின்றிருந்தாள்.

"மழைக்குப் போயிடுமாம்மா?"

"எதும்மா?"

"இந்த வெள்ளை."

"போகாதும்மா. நல்ல பெயிண்ட்."

"போகக் கூடாது." அந்த அம்மா சுவரைத் தொடப் போய், ஈரம் என்று கையை இழுத்துக்கொண்டாள். "கறுப்பா இருந்தப்போ பாக்கவே பயமா இருந்துச்சு. நீ வெள்ளை அடிச்சதும், குளிச்சிட்டு இப்ப வந்து உட்காரப் போறான்னு இருக்கு. நல்லா இரும்மா."

ஓரக்கா சந்தின் முனையைப் பார்த்தாள். புகையும் தூசியும் படிந்து பழுப்பாகிப்போன சுவர்கள். தூரத்தில், காவல்காரரின் நாற்காலி. அதற்கும் அப்பால், திருப்பத்தில், மின்சாரக்காரருடையது. கறுப்பாக இருந்தபோது அழுக்கோடு அழுக்காகக் கிடந்தவை. இப்போது சந்தின் இந்த முனையிலிருந்தே தெரிந்தன. பளிச்சென்று, காலியாக, யாருக்கோ போட்டு வைத்த மாதிரி. அவள் ஒன்றைக்கூட அழித்திருக்கவில்லை.

மேஸ்திரி வாளியை மூடிக்கொண்டிருந்தார். "என்னம்மா, பேயப் பாத்தவ மாதிரி நிக்கிறே?"

"வெயில்," என்றாள்.

அன்று சாயங்காலம் கணவர் சைக்கிளை உள்ளே ஏற்றும்வரை காத்திருந்து கதவைச் சாத்தினாள். நாத்தனார் சமையலறையில் இருந்தாள்.

"தையல்காரர் நாற்காலி," என்றாள் ஓரக்கா.

அவர் முக்காலியைக் கேரியரிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். "ஆமா. அத மட்டும் ரொம்ப நாள் தள்ளிப் போட்டேன். தங்கச்சி அந்த வழியாத்தான் கடைக்குப் போறா."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது அவளைத் திகைக்க வைத்தது. "எப்ப வரைஞ்சே? ராத்திரி எங்கயும் போகலையே."

"ராத்திரி எதுக்கு? பட்டப்பகல்லதான். வெயில் சாயும்போது, பின்ன வாங்கின அந்த வீட்டு நாற்காலிய வெச்சா நிழல் சுவர்ல விழும். அந்த நிழல் மேல பெயிண்ட இழுப்பேன். தெருவுல போறவன் பாத்தா, நாற்காலிக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் உட்கார்ந்திருக்கேன். நான் எங்க வரைஞ்சேன்? வெயில் வரைஞ்சது."

"வெயில யாரும் வண்டில ஏத்த மாட்டாங்க."

அவர் கொஞ்சம் சிரித்தார். "முதல் தடவை பயந்துதான் செஞ்சேன். அதோட விட்டுடலாம்னு இருந்தேன். அடுத்த நாள் அந்த வழியா வந்தா, நீ வெள்ளைல போட்டு வெச்சிருக்கே. சட்டம் பிசகாம. கைப்பிடி வளைவு பிசகாம. எனக்குச் சைக்கிள் ஓட்ட முடியல. இறங்கித் தள்ளிக்கிட்டே வந்தேன்."

"என்ன சொல்றே?"

"நீ செய்றப்போ நான் விடலாமா?"

அவள் தரையில் உட்கார்ந்தாள். "நான் ஒண்ணும் செய்யல. எனக்கு அப்படித்தான் அடிக்கத் தெரியும்."

அவர் கையிலிருந்த கயிறு அப்படியே நின்றது. சமையலறை வாசலில் நாத்தனார் வந்து நின்றாள்.

"அண்ணி, நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டுதான் செய்றீங்கன்னு நினைச்சேன்," என்றாள். "கேட்டா சங்கடப்படுவீங்கன்னு கேக்கல."

மேலே கொக்கியில் ஒரு நாற்காலி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இனிமே வேண்டாம்," என்றாள் அவள்.

"சரி."

"சத்தியமா?"

"எனாமல் டப்பாவ நீயே எடுத்து வெச்சுக்கோ."

எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள்.

மறுநாள் லாரியில் மேஸ்திரியிடம் சொன்னாள். "அந்த நாற்காலியெல்லாம் பெட்டியா அடிச்சு மூடிடலாம்."

"ஏன்?"

"அசிங்கமா இருக்கு."

"இவ்வளவு நாள் அசிங்கமா இல்லையா?" மேஸ்திரி அவளையே பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க பாரு. ஒரே நாள்ல ஓடி ஓடி மூடினா, ஏன் மூடுறேன்னு கேப்பாங்க. வாரத்துக்கு ஒண்ணா, போற போக்குல மூடுவோம். நமக்கும் ஒண்ணும் தெரியாது, சுவருக்கும் ஒண்ணும் தெரியாது."

நல்ல யோசனைதான். ஆனால் முகாமிலிருந்து அவளைக் கூப்பிட்டு அனுப்பியது அந்த வாரமே.

டிரைவர் லாரியிலேயே கொண்டுபோய் விட்டார். இறங்கும்போது, "நான் இங்கயே நிக்கிறேன்க்கா. எஞ்சின நிறுத்த மாட்டேன்," என்றார்.

உள்ளே ஐஸ் ஃபேக்டரியின் பழைய அறை. தரை முழுக்க நீர் வடிவதற்கான பள்ளங்கள். ஐஸ் செய்து எத்தனையோ வருஷம் ஆகியும் அங்கே குளிர் போகவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி சாதாரணச் சட்டை போட்டிருந்தார். வயதான கணக்கு வாத்தியார் மாதிரி இருந்தார்.

"உட்காருங்கம்மா."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். நீல வயர், ஓரத்தில் வெள்ளைக் கட்டம்.

"உங்க வீட்டுக்காரர் பின்னினதுதான்," என்றார் அதிகாரி. "கடைத்தெருவுல வாங்கினோம். நல்ல பின்னல். உட்கார்ந்தா எந்திரிக்க மனசு வராது."

உட்கார்ந்தாள்.

"தண்ணி குடிங்க. உங்க வேலையப் பத்திக் கேள்விப்பட்டேன். ரொம்ப சுத்தமாமே."

"ஓரம் பிடிச்சு அடிப்பேன்யா. அதான் பழக்கம். அந்த நாற்காலியெல்லாம் அப்படியே வெள்ளையா நிக்கும்னு தோணல. பெட்டியா அடிச்சிருக்கணும். தப்புதான்."

"நம்புறேன்," என்றார். அவர் நம்பினார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அது இன்னும் பயமாக இருந்தது. "வேலை தெரிஞ்சவங்க செய்ற தப்பே வேறம்மா. வேலை தெரியாதவன் இப்படிச் செய்ய மாட்டான். நானும் அந்தப் படத்தையெல்லாம் போய்ப் பாத்தேன். எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சிருக்கு. கவனிச்சீங்களா?"

"இல்லைங்கய்யா."

"பக்கத்துல நின்னு அடிக்கிறவங்களுக்குத் தெரியாதுதான். வெயில்ம்மா. சாயங்கால வெயில். அந்த நேரத்துல அந்தச் சுவரோரமா யார் நாற்காலியோட உட்கார்ந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன்."

அவள் தண்ணீர்க் குவளையை எடுத்தாள். ஒரு வாய் குடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"நம்ம முகாம்ல பின்னல் அறுந்த நாற்காலி நிறையக் கிடக்கு. உங்க வீட்டுக்காரர வரச் சொல்லுங்க. ஆள் அனுப்பிக் கூப்பிடலாம். தெருவுல நாலு பேர் பாப்பாங்க, உங்களுக்குக் கஷ்டம். நீங்களே சொல்லிட்டா மரியாதையா இருக்கும். நாளைக்குக் காலைல."

எழுந்தாள். வாசலுக்கு வந்ததும் அவர் மறுபடி கூப்பிட்டார்.

"வயர் நாங்க வாங்கித் தந்துடுறோம். அவர் முக்காலிய மட்டும் எடுத்துட்டு வரட்டும். அது இல்லாம அவருக்கு வேலை ஓடாதாமே."

வெளியே லாரியின் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வீட்டில் நாத்தனார் முதலில் சொன்னாள். "அண்ணா, பஸ் ஏறிடு. இப்பவே. எங்கயாவது."

"சோதனைச் சாவடியில நிறுத்துவான்."

"நிறுத்தாட்டா?"

"நிறுத்தாட்டா நாளைக்கு இவளக் கூப்பிடுவான். இல்ல உன்ன." அவர் கொக்கியிலிருந்து ஒரு நாற்காலியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். முடிந்த வேலை. சேர வேண்டிய வீட்டில் சேர்த்துவிட்டு வரப் பார்த்தார். "ஒருவேளை நிஜமாவே பின்னல் அறுந்த நாற்காலி இருக்கலாம்."

"இருக்கும்," என்றாள் ஓரக்கா. "அதுக்காகக் கூப்பிடல."

"தெரியும்."

"உனக்குக் கோபம் இல்லையா?"

"யார் மேல?"

"என் மேல. நான் பெட்டியா அடிச்சிருந்தா ஒண்ணோட நின்னிருக்கும்."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "ஒண்ணோட நின்னிருக்கும்," என்றார். "தையல்காரர் அம்மா என்ன சொன்னாங்கன்னு சொன்னே?"

அவள் சொன்னாள்.

"ம்," என்றார்.

காலையில் முக்காலியைக் கேரியரில் கட்டினார். கயிறு தளர்ந்திருந்தது. அவள் அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். பின்னல் ஊசியையும் கத்தியையும் பையில் போட்டுக்கொண்டார். கத்தியை வாசலில் வாங்கிக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். தெரு முனையில் சைக்கிளிலிருந்து இறங்கித் திரும்பிப் பார்க்காமல் தள்ளிக்கொண்டு போனார். ஏன் இறங்கினார் என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. முனைச் சுவரில் கிளார்க் வீட்டுச் சாய்வு நாற்காலி இருந்தது.

சாயங்காலம் வரவில்லை. மறுநாள் காலையும் வரவில்லை.

முகாம் வாசலில் காவலுக்கு இருந்தவன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"வேலை முடிச்சிட்டுப் போயிட்டாரேம்மா. நேத்து சாயங்காலமே."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். முன் பாதி பின்னியிருந்தது, இறுக்கமாக, வரிசை பிசகாமல். பின் பாதியில் வெறும் சட்டம். வயரின் நுனி முடிச்சுப் போடாமல் தொங்கியது. அவர் எந்த வேலையையும் நுனி முடிச்சுப் போடாமல் எழுந்ததில்லை. சாப்பிடக் கூப்பிட்டால்கூட முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் வருவார்.

"இது பாதியில இருக்கே," என்றாள்.

அவன் குனிந்து பார்த்தான். "உட்கார இது போதும்," என்றான்.

இரண்டாம் முறை போனாள். மூன்றாம் முறையும் போனாள். இங்கே அப்படி யாரும் வரவில்லையே என்றார்கள். முதல் நாள் வந்ததாகச் சொன்னவனை வாசலில் காணவில்லை. அந்த நாற்காலி மட்டும் இருந்தது, வேறொருவன் உட்கார்ந்திருந்தான்.

அவள் வேலையை விடவில்லை. பழைய வெள்ளை நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியடித்து மூடினார்கள். தையல்காரர் வீட்டுச் சுவருக்குப் போன அன்று அந்த அம்மா வாசல் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓரக்கா அந்தப் பெட்டிக்கு ஓரம் பிடிக்கவில்லை. ரோலரை நேராக ஓட்டினாள். கோணலாக முடிந்தது. மேஸ்திரி பார்த்துவிட்டு வாளியைத் தூக்கினார்.

புதிதாக எதுவும் வரவில்லை. ஊரில் வண்டி வந்துகொண்டுதான் இருந்தது.

"எல்லார் வீட்டுப் பக்கத்துலயும் வந்துச்சு," என்றாள் நாத்தனார் ஒரு நாள், சாப்பிட்ட தட்டை எடுக்காமல். "நம்ம வீட்டுப் பக்கத்துலதான் ஒண்ணும் வரல. வரையிற ஆளையே கொண்டு போயிட்டா யார் அண்ணி வரைவா?"

ஓரக்கா அரிசிப் பானையைப் பார்த்தாள். பின்னால் எனாமல் டப்பா இருந்தது. "எனக்கு வரையத் தெரியாது," என்றாள்.

மேலிடத்திலிருந்து யாரோ முகாமைப் பார்வையிட வருவதாகச் சொன்னார்கள். தெருவைப் பார்த்த முகாம் சுவர் முழுக்க வெள்ளையடிக்க வேண்டும். நீளமான சுவர். ஐஸ் ஃபேக்டரி காலத்திலிருந்து யாரும் தொடாத சுவர், கரியும் பாசியுமாக. லாரி நிறைய வாளிகள் வந்தன. டிரைவருக்கும் ஒரு ரோலரைக் கொடுத்து ஒரு முனையில் நிறுத்தினார் மேஸ்திரி. அவர் மறு முனையில். நடுவில் அவள்.

மேல் விளிம்புக்கு ஓரம் பிடித்தாள். கேட் தூணுக்குப் பிடித்தாள். தரையோரம் பிடித்தாள். பிறகு சின்ன பிரஷ்ஷோடு, ஒன்றுமில்லாத சுவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"அங்க எதுக்கு ஓரம்?" என்று மேஸ்திரி தூரத்திலிருந்து கேட்டார். "அங்க ஒண்ணும் இல்லையே."

அவள் பிரஷ்ஷைச் சுவரில் வைத்தாள். கோடு தாழ்வாக ஆரம்பித்தது. ஓர் இருக்கையின் அகலம் போய் வளைந்து இறங்கியது. ஒரு கால். இரண்டாவது கால். மூன்றாவது கால் சற்றுக் குட்டை. அதன் அடியில் சின்னதாக ஒரு செருப்பின் வளைவு. கோட்டின் இரண்டு முனையும் சேர்ந்தன. இந்தத் தடவை உள்ளே அடிக்கவில்லை. ரோலரை எடுத்து வெளியே அடித்தாள். மேலே, பக்கத்தில், கால்களுக்கு நடுவில். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

வெயில் சாய்ந்தபோது மூன்று பேருடைய வேலையும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. சுவர் முழுக்க வெள்ளை. நடுவில், தரையோரமாக, பழைய கரி நிறத்தில் ஒரு முக்காலி.

மேஸ்திரி ரோலரோடு வந்தார். முக்காலிக்கு முன்னால் நின்றார். ரோலரைத் தூக்கினார். கொஞ்ச நேரம் தூக்கியபடியே நின்றார். ரோலரிலிருந்து வெள்ளை அவர் முழங்கையில் வழிந்தது. பிறகு வாளிக்குள் எட்டிப் பார்த்து, கேட்டில் இருந்தவனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"பெயிண்ட் தீந்துபோச்சு."

வாளியில் பாதிக்கு மேல் இருந்தது. அவர் மூடியை அழுத்தி மூடினார்.

கேட்டில் இருந்தவன் பாதி பின்னிய நாற்காலியை விட்டு எழுந்தான். நடந்து வந்து சுவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். உள்ளே போனான்.

"ஓரக்கா, ஏறுங்க," என்றார் டிரைவர். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "ஏறுங்கக்கா. சீக்கிரம்."

"பிரஷ் கழுவிட்டு வரேன். காஞ்சா வீணாயிடும்."

சுவரோரக் குழாயடியில் உட்கார்ந்து பிரஷ்ஷைக் கழுவத் தொடங்கினாள். தண்ணீர் முதலில் பால் மாதிரி போனது. பிறகு கழனித் தண்ணீர் மாதிரி. மயிர்களைப் பிரித்துப் பிரித்து, அடி வரைக்கும் விரல்விட்டுக் கழுவினாள். தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும். பின்னால் கேட்டின் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பிரஷ்ஷை உதறி, மயிர்களை நேராக நீவி, ஒரு துணியில் சுற்றி, லாரியில் ஏறாமலே, அதன் பக்கத்தில் நின்ற மேஸ்திரியிடம் நீட்டினாள்.